சிஸ்டர் வாங்கிய லேத்

எங்கள் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் தன் மனைவியை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். புதிதாக வந்து நாற்காலியில் உட்காருகிறவர்கள் திடுக்கிட்டுக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். “என்ன சார் பண்றது, ஊரே அப்படித்தான் கூப்பிடுது. நான் மட்டும் வேற மாதிரி கூப்பிட்டா அவ திரும்பியே பார்க்க மாட்டேங்குறா” என்பார். “வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க. அவர் காது பத்திரம்” என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவர். வயிற்றைத் திறந்து செய்கிற அறுவையில் ரத்தத்தை ஒற்றி எடுக்கத் துணித்துண்டுகள் உள்ளே போகும், வெளியே வரும். கத்தரியும் இடுக்கியும் ஊசியும் கை மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் தையல் போடுமுன், உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ண வேண்டும். சிஸ்டரும் இன்னொரு நர்ஸும் எதிரெதிரே நின்று வாய்விட்டு எண்ணுவார்கள். “எண்ணிக்கை சரி” என்று சிஸ்டர் சொல்லாமல் எவ்வளவு பெரிய டாக்டரும் தையல் ஊசியைத் தொட்டதில்லை. ஒருமுறை அவசரப்பட்ட டாக்டர் ஒருவரிடம், “நீங்க தைச்சுக்கலாம் டாக்டர். ஆனா நான் சரின்னு சொல்ல மாட்டேன்” என்று நின்றுவிட்டாராம். தேடினார்கள். ஒரு துண்டு ஈரலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருந்தது. அந்த டாக்டர் அதற்கப்புறம் சிஸ்டர் இல்லாத நாளில் பெரிய கேஸ் எதையும் எடுப்பதில்லை என்று பேச்சு.

அப்படிப்பட்டவருக்கு லேத் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால், ஒரு திருகு ஆணியால் பிடித்தது. ஊசி பிடிக்கும் இடுக்கி ஒன்றில் திருகு தேய்ந்துபோய், அதைச் சரிசெய்ய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த பட்டறைக்குப் போனார். அங்கே ஒருவர் சிறிய லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், புதுத் திருகு கடைந்து கொடுத்தார். சுழலும் கம்பி மேல் கருவியின் நுனி பட்டதும் எஃகு சுருள் சுருளாக உரிந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், அன்றைக்கு வீட்டில் வேறு பேச்சே பேசவில்லை.

“இரும்பு வெண்ணெய் மாதிரி சுருண்டு வருதுங்க!”

“என் கடையில தினமும்தான் முடி சுருண்டு விழுது. அதைப் பார்த்து என்னைக்காவது இப்படிச் சந்தோஷப்பட்டிருக்கியா?” என்றார் கணவர்.

தொழிற்பள்ளியில் வெளியாட்களுக்கு மாலை வகுப்பு நடந்தது. அதில் சேர்ந்தார். சில வருஷம் விடாமல் போனார். பித்தளையில் மெழுகுவர்த்தித் தாங்கி, கதவுக் குமிழ், மகளுக்கு ஒரு பேனா என்று ஏதாவது ஒன்று மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தியேட்டரில் நாள் பூராவும் நின்றுவிட்டு வந்தும் எங்கிருந்து அந்தத் தெம்பு வருகிறதோ என்று கணவர் வியப்பார். ஓய்வுபெற்றதும் சொந்தமாக ஒரு லேத் வாங்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை.

ஓய்வு நினைத்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டது. ஒரு நாள் தியேட்டரில் துண்டுகளை எண்ணும்போது, எதிரில் நின்ற நர்ஸ் சொன்ன கணக்கும் இவர் சொன்ன கணக்கும் ஒத்துவரவில்லை. மறுபடி எண்ணினார். இந்தமுறை அவருடைய இரண்டு கணக்குமே ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மூன்றாவதாக ஒருத்தியை அழைத்து எண்ணச் சொன்னார்கள். எதுவும் குறையவில்லை, எல்லாம் தட்டிலேயே இருந்தன. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. களைப்பாக இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். சிஸ்டர் விடவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக மேட்ரன் அறைக்குப் போய், “இனிமே என்னை எண்ண விடாதீங்க” என்றார். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நுண்ணிய ரத்தக்குழாய்கள் அங்கங்கே அடைத்துக்கொண்டு வருகின்றன. நினைவு மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பாது என்றார் டாக்டர். இவருக்கே தெரிந்த டாக்டர்தான். சொல்லும்போது அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்.

வீட்டில் சிஸ்டர் சொன்னது வேறு. “நின்னு நின்னு கால் வலி தாங்கலைங்க. வேலையை விட்டுட்டேன்.”

“நல்லதாப் போச்சு” என்றார் கணவர். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிட ஆரம்பித்தார்.

லேத்துக்கு இடம் ஒதுக்கியாயிற்று. கடைத் துண்டுகளை உலர்த்துகிற பின்னறையைக் கணவர் காலி செய்து வெள்ளை அடித்தார். கதவு அகலத்தை அளந்து, தரை தாங்குமா என்று கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினார். வெளியூரில் இருக்கும் மகள் போனில், “அம்மாதான் ஆசைப்படறாங்கன்னா நீங்களும் சேர்ந்து ஆடறீங்களேப்பா. இந்த வயசுல இரும்பு கடையணுமா?” என்றாள். “உங்கம்மா வயித்தையே திறந்து மூடினவ. இரும்பு என்ன பண்ணும்?” என்று வைத்துவிட்டார்.

இருவரும் இயந்திரக் கடைக்குப் போனார்கள். நீளமான கூடம், எண்ணெய் மணம், வரிசையாகப் பச்சையும் சாம்பலுமாய் இயந்திரங்கள். விற்பனைக்கு நின்ற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். நீல மேலங்கிப் பையில் அளவுகோல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. சிஸ்டர் இயந்திரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒன்றின் முன் நின்றுவிட்டார். மேஜை மேல் வைக்கக்கூடிய அளவு. கை வைத்து மூடியைத் திறந்து பார்த்து, சக்கரங்களைச் சுற்றிப் பார்த்து, “இதுதான்” என்றார்.

“நல்ல தேர்வும்மா. இதுக்கு டிஜிட்டல் ரீடவுட் போட்டுத் தரட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“அது என்னம்மா?” என்றார் கணவர்.

அவள் பக்கத்து இயந்திரத்தைக் காட்டினாள். அதன் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி. அதில் சிவப்பு எழுத்தில் இரண்டு வரி எண்கள். “கருவி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்குன்னு இது காட்டும் ஐயா. ஒரு வரி நீளவாக்குல, இன்னொண்ணு குறுக்குவாக்குல. இது இல்லைன்னா சக்கரத்துல இருக்கிற கோட்டைப் பார்த்துத்தான் வேலை செய்யணும். ஒரு முழுச் சுத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. எத்தனை சுத்து சுத்தினோம்கிறதை மனசுலயே எண்ணி வச்சுக்கணும்.”

“மணியும் காட்டுமா?”

“காட்டாது ஐயா” என்று சிரித்தாள்.

“அப்ப எனக்கு வேண்டாம். இவளுக்கு?”

“எனக்கும் வேண்டாம்” என்றார் சிஸ்டர். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னார். “நான் சக்கரத்துல பழகினவ. எண்ண வராதா எனக்கு?”

விற்பனைப் பெண் வற்புறுத்தவில்லை. “ஓட்டிப் பார்க்கிறீங்களா?” என்று ஓர் அலுமினியக் கம்பியை இயந்திரத்தின் வாயில் மாட்டிக் கொடுத்தாள். முனையில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் சிறுத்துக் கடைய வேண்டும். பயிற்சியில் செய்கிற முதல் வேலை அது. சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கருவியைக் கம்பியின் நுனியில் ஒட்டி வைத்து, சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். அலுமினியம் பளபளவென்று உரிந்து விழுந்தது. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. பாதி வழியில் யாரோ கூடத்தின் அந்தக் கோடியில் இரும்புத் தகடு ஒன்றைத் தரையில் போட்டார்கள். டமாரென்று சத்தம்.

உதடு நின்றது. கையும் நின்றது. இயந்திரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. சிஸ்டர் சக்கரத்தையே பார்த்தார். கோடு எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. எத்தனையாவது சுற்று என்று தெரியவில்லை. பின்னோக்கிப் பிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. கை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

“சத்தமா இருக்கு இங்க” என்றார் யாரையும் பார்க்காமல்.

“ஆமாம்மா, எனக்கே அடிக்கடி விட்டுப்போகும்” என்றாள் விற்பனைப் பெண். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் சிஸ்டரின் முகம் செத்துப்போயிருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று கணவர் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சிஸ்டர் வெள்ளையடித்த பின்னறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். கணவர் இரண்டு பேருக்கு வெட்டி முடித்துவிட்டு, கதவில் ‘மூடியிருக்கிறது’ பலகையைத் திருப்பிவிட்டு உள்ளே வந்தார்.

“அந்தப் பெட்டியோட வாங்கிடலாமே” என்றார்.

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“எதுவும் தெரியாது. ஆனா கால் வலி இல்லைன்னு தெரியும்.”

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“உன் தியேட்டர்ல மயக்க மருந்து குடுக்கிற டாக்டர் என்கிட்டதானே முடி வெட்டிக்கிறார். நீ வேலையை விட்ட வாரமே வந்து உட்கார்ந்தார். நாற்காலியில உட்கார்ந்தா மனுஷன் வாய் தானாத் திறந்துக்குது, நான் என்ன பண்ண? ‘சிஸ்டர் மாதிரி தானே முன்வந்து சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்’னார். எனக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியாது. நானும் தெரிஞ்ச மாதிரியே தலையை ஆட்டிக்கிட்டு வெட்டினேன். கொஞ்சம் குட்டையாப் போயிடுச்சு.”

“அப்போ தெரிஞ்சுக்கிட்டேதான்…” சிஸ்டர் ஸ்டூலை விட்டு எழுந்தார். “தெரிஞ்சுக்கிட்டு எதுக்குத் தினமும் காலுக்குத் தைலம் தேய்ச்சீங்க?”

“கால் வலின்னு சொன்னே. தேய்ச்சேன்.”

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. கணவருக்குத் தெரிந்து இதற்கு முன் அவர் அழுதது தன் அப்பா இறந்தபோதுதான். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் கிடந்த துண்டை நீட்டினார். அது முழுக்க யாருடைய முடியோ.

கொஞ்சம் அடங்கியதும் சிஸ்டர் சொன்னார்: “அந்தப் பெட்டி எனக்குப் பதிலா எண்ணும். நான் சும்மா கையை மட்டும் அசைச்சுக்கிட்டு நிக்கணும். அது எண்ணி நான் கடையறதுக்கு, கடையாமலே இருந்துடலாம்.”

இதையெல்லாம் கணவர்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு நான். என் தலை அவர் கைக்குப் போக ஆரம்பித்து எத்தனையோ வருஷம். இந்தக் கதையில் பாதி அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதுதான்.

சில நாள் பின்னறை காலியாகவே கிடந்தது. துண்டுகளை மறுபடி அங்கேயே உலர்த்தலாமா என்று கணவர் கேட்கவில்லை. வாசலில் கொடி கட்டி உலர்த்தினார். ஒரு காலை சிஸ்டர் புடவை மாற்றிக்கொண்டு கைப்பையோடு வந்து நின்றார்.

“வாங்க, போகலாம்.”

“எங்க?”

“கடைக்கு. தியேட்டர்ல ஒருத்தி மட்டும் எண்ணிட்டுச் சரின்னு சொன்னா அவளை நான் சும்மா விட்டதே இல்லை. தனியா எண்ணினது எண்ணினதே இல்லைன்னு திட்டியிருக்கேன். எத்தனை பிள்ளைங்க என்கிட்ட திட்டு வாங்கி அழுதிருக்குதுங்க தெரியுமா? இப்ப நான் மட்டும் தனியா எண்ணுவேன்னு நின்னா அது என்ன நியாயம்?”

இயந்திரக் கடையில் இந்தமுறை சிஸ்டர் கேட்ட கேள்விகள் வேறு. எந்தப் பெட்டியில் எழுத்து பெரிதாகத் தெரியும், பெட்டியைக் கண் மட்டத்துக்கு வைக்க முடியுமா, எண்ணெய் தெறித்தால், பெட்டிக்காக இயந்திரத்தில் மாட்டுகிற அளவுப் பட்டைக்கு என்ன ஆகும். பிறகு முக்கியமான ஒன்று: “நடுவுல கரண்ட் போனா, விட்ட இடம் அதுக்கு ஞாபகம் இருக்குமா?”

விற்பனைப் பெண் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். “இது விலை குறைவு. ஆனா கரண்ட் இல்லாதப்ப நீங்க சக்கரத்தை அசைச்சிட்டீங்கன்னா, எங்க இருக்கோம்னு இதுக்குத் தெரியாதும்மா. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அது அப்படி இல்லை. தூங்கி எழுந்தாலும் தான் இருக்கிற இடம் தெரியும்.”

சிஸ்டர் இரண்டாவதைக் கையில் எடுத்தார். “எங்க வீட்ல ஒருத்தராவது அப்படி இருக்கட்டும்” என்றார். விற்பனைப் பெண்ணுக்குப் புரியவில்லை. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன்மா” என்றாள் அவள். “அளவுப் பட்டையைப் பின்பக்கம் மாட்டறதால, குறுக்குவாக்குல கருவி பழைய தூரத்துக்குப் போகாது. கொஞ்சம் குறையும். பெரிய விட்டம் கடைய முடியாது.”

“பரவாயில்லை. பெரிசா எதுவும் வேண்டாம்” என்றார் சிஸ்டர்.

லேத் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு புது வழக்கம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் முனகலும், அதன் மேல் சிஸ்டரின் குரலும் கேட்கும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அவர் எண்ணுவார். நிறுத்தி, பெட்டி காட்டுவதை வாய்விட்டுப் படிப்பார். இரண்டும் ஒத்துவந்தால் “சரி” என்பார். ஒத்துவராவிட்டால் தானாகவே பின்வாங்கி மறுபடி தொடுவார். அந்தச் ‘சரி’ வரும்வரை கணவர் கத்தி பிடித்த கையை நிறுத்திக் காத்திருப்பதைக் கண்ணாடியில் நான் பார்த்திருக்கிறேன். பாதி மழித்த கன்னத்தோடு நானும் காத்திருப்பேன்.

கடை நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். அதற்குப் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து போட்டு நிமிர்த்தினார் சிஸ்டர். “இத்தனை வருஷம் எல்லார் கிருதாவும் கோணலாப் போனதுக்கு நாற்காலிதான் காரணம்னு இப்பவாவது ஒத்துக்கோங்க” என்று கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் வந்து பார்த்துவிட்டு, திட்ட வந்தவள் திட்டாமல் திரும்பினாள். சின்னக் காற்றாடி இயந்திரம் ஒன்று செய்ய ஆரம்பித்தார் சிஸ்டர். சூடு பட்டால் தானாகச் சுழலும் வகை. உருளையும் உள்ளே போய்வரும் தண்டும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. கடையில் எல்லோர் முன்னிலையிலும் கீழே ஒரு விளக்கை வைத்து அது சுழன்ற அன்று, மயக்க டாக்டரும் அங்கே இருந்தார். கைதட்டினார். சிஸ்டர் அவரை யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து வணக்கம் சொன்னார். டாக்டரும் பதில் வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பெட்டியால் முடிந்தது எண்ணுவதுதான். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. சக் என்பது கம்பியைக் கவ்விப் பிடிக்கும் பாகம். அதை இறுக்க ஒரு சாவி உண்டு. இறுக்கியதும் சாவியை எடுத்துவிட வேண்டும். மறந்து இயந்திரத்தைப் போட்டால் அது குண்டு மாதிரி பறக்கும். ஒரு நாள் பகலில், பொத்தான் மேல் விரலை வைத்த பிறகு, சிஸ்டர் சாவி சக்கிலேயே நிற்பதைப் பார்த்தார். விரலை எடுத்தார். மின்சாரப் பிளக்கைப் பிடுங்கினார். சுவரைத் தட்டிக் கணவரைக் கூப்பிட்டார்.

“இதைப் பாருங்க.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“இனிமே நீங்க இல்லாம நான் இதைப் போட மாட்டேன்” என்றார் சிஸ்டர். மேட்ரனிடம் சொன்ன அதே குரலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதன்படியே நடந்தது. கடைக்கு ஆள் வராத மதிய நேரத்தில் கணவர் போய் நிற்பார். “சாவி?” என்பார். “எடுத்தாச்சு” என்பார் சிஸ்டர். “கண்ணாடி?” “போட்டாச்சு.” “தலைமுடி?” “கட்டியாச்சு. இருந்தாத்தானே?” அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு வாரத்துக்கு ஒருநாள் ஆயிற்று. பிறகு கணவர் போய்க் கூப்பிட்டால், “இன்னைக்கு என்னமோ வேண்டாம்” என்பார். ஒரு கட்டத்தில் பின்னறையில் இருப்பது என்ன என்று கேட்டார். லேத் என்று சொன்னார் இவர். “யாரோடது?” என்றார். “நம்மளோடது” என்றார் கணவர். சிஸ்டர் “ஓ” என்று சொல்லி, அதன் மேல் போட்டிருந்த துணியைச் சரி செய்துவிட்டு வந்தார்.

லேத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க இயந்திரக் கடைக்குக் கணவர் போன் செய்தபோது, அந்த விற்பனைப் பெண்ணே எடுத்தாள். கடைக்கு வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு சின்ன வேன் கொண்டுவந்தாள். நானும் ஒரு கை பிடிக்கப் போயிருந்தேன். சிஸ்டர் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அருகில் போய்க் குனிந்து, “என்னைத் தெரியுதாம்மா? உங்களுக்கு இதை வித்தேனே” என்றாள்.

சிஸ்டர் மரியாதையாகப் புன்னகைத்தார். தெரியவில்லை.

அவள் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பிக்குச் சைகை காட்டினாள். இருவரும் குனிந்து தூக்கப் போனார்கள். தம்பி பிடிக்கத் தோதாக இருக்கிறதே என்று முன்பக்கச் சக்கரத்தில் கை வைத்தான்.

“அதுல கை வைக்காதே!” என்று சத்தம் போட்டார் சிஸ்டர். நாங்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். “சக்கரத்தைப் பிடிச்சுத் தூக்கினா உள்ள திருகு வளைஞ்சுடும். கீழ அடிப்பாகத்தைப் பிடி. பின்னாடி பட்டை இருக்கு, சுவத்துல இடிக்காம திருப்பு. மெதுவா.”

தம்பி கையை எடுத்து அடிப்பாகத்தைப் பிடித்தான். கணவரும் சேர நாங்கள் நால்வரும் சிஸ்டர் சொன்னபடியே, சுவரில் இடிக்காமல், மெதுவாகத் திருப்பி, கதவைத் தாண்டிக் கொண்டுபோனோம். வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியதும் அந்தப் பெண் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

உள்ளே வந்தபோது சிஸ்டர் கணவரிடம், “பாவம், நல்ல பொண்ணு. யாருங்க அது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.